ஒழுகுவது ரேக்தானா? முதலில் கழுவிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்கு முன் காரைத் தயார் செய்வது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த குறிப்பில், பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகினால் லீக் அடைக்கும் மருந்து ஒரு டப்பா ஊற்றுங்கள், நிற்காவிட்டால் ரேக்கை, அதாவது ஸ்டியரிங் திருப்பலை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு அமைப்பை, மாற்றுங்கள் என்று இரண்டே வரியில் முடித்திருந்தீர்கள். இரண்டுமே காசைக் கரைக்கிற யோசனை. யாங்கோனில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இருபது, முப்பது வருடப் பழைய கொரோலா, மார்க் டூ, சன்னி வண்டிகளில் ஒழுகல் பல நேரம் தொடங்குவது வயதான ரப்பர் ஓஸிலும் அதன் கிளிப்பிலும்தான். ரேக் எல்லாவற்றுக்கும் கீழே கிடப்பதால் மேலே எங்கே கசிந்தாலும் அதன் மேல் வழிந்துதான் தரைக்கு வரும். பழியும் அதன் மேலேயே விழுகிறது.

சொட்டுவது எந்த ஆயில் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்தக் காலத்து டொயோட்டாக்களில் ஸ்டியரிங்குக்கு ஊற்றுவதும் ஆட்டோ கியருக்கு ஊற்றுகிற அதே சிவப்பு ஆயில்தான்; டெக்ஸ்ரான் 2 அல்லது 3 என்கிற ரகம். ஆட்டோ கியர் வண்டியில் தரையில் சிவப்புச் சொட்டு விழுந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் மட்டத்தைக் கோடு கிழித்து வைத்து ஒரு வாரம் பாருங்கள். சிறிய காரில் மொத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் பிடிக்கும், அதனால் 50 மில்லி குறைந்தாலும் கோட்டில் தெரிந்துவிடும். அளக்கும்போது இஞ்சின் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். மூடிக் குச்சியில் குளிர்ந்த நிலைக்கு ஒரு குறி, சூடான நிலைக்கு ஒரு குறி இருக்கும். சூட்டுக் குறி வரைக்கும் குளிரில் ஊற்றிவிட்டு, மூடி வழியாகப் பொங்கி வழிவதைப் பார்த்து லீக் என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் நிறைய.

அடுத்தது கழுவுதல். ஒழுகலைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இதுதான். சோம்பல்பட்டுத் தவிர்ப்பதும் இதைத்தான். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் பிளாஸ்டிக் பையால் கட்டி மூடி, ஆறிய இஞ்சினில் மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துப் பம்பு, ஓஸ்கள், ரேக் எல்லாவற்றையும் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டு, நன்றாகக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் ஈரம் இருக்கும்போது இஞ்சினைப் போடக் கூடாது. காய்ந்தபின் குழந்தைகளுக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து இஞ்சினைப் போட்டு ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெல்லத் திருப்பட்டும். கடைசி முனையில் 5 வினாடிக்கு மேல் பிடித்து வைக்க வேண்டாம், அங்கே பிரஷர் உச்சத்துக்குப் போய் ஆயில் கொதிக்கும். மற்றவர் டார்ச்சோடு மேலிருந்து கீழே பார்த்து வரட்டும். விசிறிக் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், பாரம் கீழே இழுக்கும். அதனால் நனைந்த இடங்களில் மிக மேலே, மிக முன்னே இருப்பதுதான் ஊற்றுக்கண்.

பிரஷர் ஏறாத ஓஸ்களில் இரண்டு வகை. டப்பாவுக்குத் திரும்பி வரும் ஓஸில் பிரஷர் குறைவு. அதன் வாய் சூட்டில் வெந்து கல்லாகி, ஸ்பிரிங் கிளிப் பிடி தளர்ந்து கசியும். நீளம் இருந்தால் நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போட்டாலே நின்றுவிடும். மாற்றுவதென்றால் ஆயில் தாங்கும் ஓஸ்தான் வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் ஓஸை வெட்டிப் போட்டால் சில வாரத்தில் ஊறி உப்பிவிடும். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் உறிஞ்சும் ஓஸ் கொஞ்சம் கள்ளத்தனம் பண்ணும். இஞ்சின் ஓடும்போது அது வெளியே கசியாமல் காற்றை உள்ளே இழுக்கும். பம்பு முனகும், ஆயில் நுரைத்துப் பால் கலந்த மாதிரி தெரியும். இஞ்சின் ஓடும்போது டப்பாவில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு நிறுத்துங்கள். மட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது. இதைப் பம்பு போய்விட்டது என்று சொல்லிப் பம்பையே மாற்றுகிறார்கள். புதுப் பம்பும் அதே ஓஸில் மாட்டி அதே முனகலை முனகுகிறது.

பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் பிரஷர் ஓஸ் வேறு சமாசாரம். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது அதற்குள் சதுர சென்டிமீட்டருக்கு 70, 80 கிலோ அழுத்தம் இருக்கும். ரப்பரும் இரும்புக் குழாயும் சேருமிடத்தில் நசுக்கிப் பிடித்த உலோக வளையத்தின் விளிம்பைப் பாருங்கள். உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அங்கே ஒரு சிவப்பு மணி முளைத்து, பருத்து, உருண்டு விழுந்தால் அந்த ஓஸின் ஆயுசு முடிந்தது. அதன் மேல் கிளிப் இறுக்குவது, சைக்கிள் டியூப் சுற்றுவது, எபாக்சி பசை பூசுவது எதுவும் நிற்காது. இருக்கிற இரும்பு முனைகளை வைத்துக்கொண்டு நடுவில் புது ஹைட்ராலிக் ஓஸ் அழுத்தித் தரச் சொல்லலாம். திருப்பி மாட்டும்போது பம்பு முனை போல்ட்டின் இரண்டு பக்க வாஷரையும் புதிதாகப் போட வேண்டும். பழைய வாஷரை வைத்து இறுக்கு இறுக்கென்று இறுக்கிப் பம்பு உடம்பில் மரையைத் தின்றுவிட்டால் செலவு பத்து மடங்கு.

பம்பின் பெல்ட் சுற்றும் புல்லிக்குப் பின்னால் வட்டமாக ஆயில் தெறித்திருந்தால், போனது தண்டின் சீல், அதாவது ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் வளையம். சீல் விலை அற்பம். ஆனால் தண்டில் நகத்தை வைத்து இழுத்தால் பள்ளம் தட்டுகிறதா என்று பார்க்காமல் புது சீல் போட்டால் கொஞ்ச நாளில் மறுபடி வழியும். ஆயில் குடித்த பெல்ட்டையும் கூடவே மாற்றிவிட வேண்டும். கழுவினாலும் கத்திக்கொண்டே இருக்கும்.

இப்போது ரேக். இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் இருக்கும். அதை அமுக்கிப் பாருங்கள், பிறகு உள்முனைக் கிளிப்பைத் தளர்த்தி ரப்பரைக் கொஞ்சம் இழுங்கள். கிரீஸ் பிசுபிசுப்பு இருந்தால் கவலையில்லை. உள்ளங்கையில் குளம் கட்டுகிற மாதிரி ஆயில் கொட்டினால் ரேக் சீல் போனது உறுதி. எந்தப் பக்கச் சீல் என்று மட்டும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்: பல வண்டிகளில் இரண்டு பூட்டையும் ஒரு மெல்லிய காற்றுக் குழாய் இணைக்கிறது, ஒரு பக்க ஆயில் அடுத்த பக்கத்துக்கும் போய்விடும். சீல் போவதற்குக் காரணம் அநேகமாகக் கிழிந்த பூட். மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டும்போது சேறு உள்ளே போய், ரேக் தண்டு துருப்பிடித்து, அந்தத் துருப்புள்ளிகள் அரம் போலச் சீலைத் தின்கின்றன. தண்டு பளபளப்பாக இருந்தால் சீல் செட் மாற்றலாம். புள்ளி விழுந்திருந்தால் சீல் மாற்றுவது வீண். அப்போதுதான் வேறு ரேக்.

வாங்கும்போது ஒரு சங்கதி. 1970 முதல் இந்த மியான்மர் நாட்டில் சாலையின் வலப்பக்கம் போகிறோம். பழைய ஜப்பான் வண்டிகளுக்கோ ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. தாய்லாந்து வண்டிகளுக்கும் அப்படித்தான், சீன வண்டிகளுக்கு இடப்பக்கம். கார் பெயரை மட்டும் சொல்லி ரேக்கோ பிரஷர் ஓஸோ வாங்கினால் இடப்பக்க வண்டியின் சாமான் கைக்கு வந்து சேரலாம். அது பொருந்தவே பொருந்தாது. ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையைக் கழற்றும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சக்கர அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் புது டயரை ரோடு தின்னும்.

எதைப் பிரித்தாலும் ஆயிலை மாற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துத் தாங்குங்கள். திரும்பும் ஓஸைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு, டப்பாவின் அந்த வாயை அடைத்து, இஞ்சினைப் போடாமல் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் பழையதை வெளியேற்றுங்கள். 2 லிட்டர் வாங்கினால் அலசவும் நிரப்பவும் காணும். ஓஸை மாட்டி நிரப்பியபின், இஞ்சின் போடாமலே இருபது தடவை கோடிக்குக் கோடி திருப்பி, மட்டம் இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்ற பிறகுதான் இஞ்சின். வறண்ட பம்பைச் சுழற்றினால் சீக்கிரமே உள்ளே கீறல் விழும்.

மருந்து டப்பா ரப்பரை உப்பவைக்கிறது, அவ்வளவுதான். இறுகிப்போன சீல் கொஞ்ச நாள் அடங்கும். விரிசல் ஓஸும் துருத் தண்டும் ரப்பர் உப்புவதால் சரியாகாது. வண்டியை விற்கப் போகிறவருக்கு வேண்டுமானால் உதவும்! அதைவிடக் கேடு, அவசரத்துக்குப் பிரேக் ஆயில் ஊற்றுவது. அது இந்த சீல் ரப்பருக்கு விஷம். ஒழுகாத சீல்களையும் சேர்த்துக் கெடுக்கும். ஹோண்டா வண்டிக்கு மட்டும் சிவப்பு ஆயில் ஆகாது, அதற்கென்றே உள்ளதைத்தான் ஊற்ற வேண்டும்.

பழுது பார்க்கும் வரை ஓட்டியாக வேண்டுமென்றால், இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயான சைலன்சர் மேனிபோல்டில் ஆயில் சொட்டவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே விழுந்தால் தீப்பிடிக்கலாம்; அப்படிச் சொட்டுகிற வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். பம்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டும் ஓட்டலாம். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். அந்த பெல்ட்டே வாட்டர் பம்பையோ ஆல்டர்னேட்டரையோ சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஜப்பான் கார் மெக்கானிக் ஒருவர்,
யாங்கோன்