பழைய வீடுகளிலும்தான் புகை வரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனேன். மின்தூக்கியை விட்டு இறங்கும்போதே கருகல் வாடை. கதவைத் திறந்தால் வீடு முழுக்கப் புகை, அடுப்பில் கொண்டைக்கடலை வேகப்போட்ட பாத்திரத்தில் தண்ணீர் சுத்தமாக வற்றி, கடலை கரிக்கட்டையாக அடியில் ஒட்டி, கைப்பிடி உருகித் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். 78 வயது. காதுகேட்கும் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். நான் அடுப்பை அணைத்து, சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, தோளைத் தொட்டு எழுப்பிய பிறகுதான் அவருக்கு நடந்ததே தெரியும்.

அந்த வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி இல்லை. இருந்தாக வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. 2018 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு அது கட்டாயம். ஏற்கெனவே இருக்கும் வீடு என்றால், தீப்பாதுகாப்பு அனுமதி கேட்கும் அளவுக்கு மாற்றங்கள் செய்தால் மட்டும் கட்டாயம். பொங்கோலில் பிடிஓ வீடு, அதாவது முன்பதிவு செய்தால் அரசு புதிதாகக் கட்டித்தரும் வீடு, வாங்கிய என் தம்பிக்குச் சாவி கைக்கு வரும்போதே வரவேற்பறைக் கூரையில் கருவி இருந்தது. எழுபதுகளின் கடைசியில் கட்டிய மூவறை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார், அங்கே இல்லை. யாருக்கு அது அதிகம் தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுத் தீச்சம்பவங்களுக்கு, இங்கே தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை பல ஆண்டுகளாக எடுத்துச்சொல்லும் முக்கியக் காரணமே, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கவனிக்காமல் போவதுதான். அப்படி மறப்பவர்கள் பெரும்பாலும் புது வீட்டிலா இருக்கிறார்கள்? இன்னொன்று, தூங்குகிறவரைப் புகை வாடை எழுப்பிவிடும் என்று பலரும் நம்புகிறோம். எழுப்பாது. தூக்கத்தில் மூக்கும் தூங்கிவிடும், சத்தம்தான் எழுப்பும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 2011 ஆகஸ்ட்டில் ஸ்லாக்ஸ் கிரீக் என்ற இடத்தில் ஒரே வீட்டில் 11 பேர் தீயில் இறந்தார்கள். அதற்கப்புறம் அங்கே சட்டத்தை இறுக்கினார்கள். 2022 ஜனவரி 1 முதல் வீட்டை விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ ஒவ்வொரு படுக்கையறையிலும் கருவி இருக்க வேண்டும், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். 2027 ஜனவரி 1 முதல் மற்ற பழைய வீடுகளுக்கும் அதே விதி. அதாவது அவகாசம் கொடுத்துப் படிப்படியாகச் செய்கிறார்கள். நம்மாலும் முடியும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் மறுவிற்பனைக்கும் வாடகைக்கும் எப்படியும் அந்தக் கழகத்திடம் போகத்தான் வேண்டும், அந்த நேரத்திலேயே கருவி இருக்கிறதா என்று கேட்டுவிடலாம்.

"நம் வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் தாளிப்பு, அது கத்திக்கொண்டே கிடக்குமே" என்று அம்மாவே சொன்னார். சரிதான், சமையலறைக்குள்ளோ சாமி மாடத்துக்கு மேலேயோ மாட்டினால் கத்தும். சமையலறைக்கும் வாசல் கதவுக்கும் நடுவே, வரவேற்பறைக் கூரையில் மாட்ட வேண்டும். தவறிக் கத்தினாலும் ஒரு பொத்தானை அழுத்திக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிற வசதி பல கருவிகளில் உண்டு. மின்கம்பி இழுக்க வேண்டாம், இரண்டு திருகாணி போதும், பத்து வருடம் வரை தாங்கும் பேட்டரியோடு வருகிறது.

மறுநாளே ஒன்று வாங்கி மாட்டி, அம்மாவைக் காதுக்கருவி இல்லாமல் உள்ளறையில் படுக்கவைத்து, கதவைச் சாத்திச் சோதித்துப் பார்த்தேன். மூன்று மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் வர வேண்டும் என்பது தரவிதி. எதிர்வீட்டு ஆன்ட்டி என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார், அம்மாவுக்குக் கேட்கவே இல்லை! அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கம்பியில்லாமல் இணையும் இரண்டு கருவிகளாக வாங்கி, ஒன்றை அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே மாட்டினேன். இப்போது வரவேற்பறையில் கத்தினால் அங்கேயும் கத்துகிறது, அம்மா எழுந்து உட்காருகிறார். ஆக, சட்டத்தைப் பழைய வீடுகளுக்கு விரிக்கும்போது ஒரு கருவியோடு நிறுத்தாமல், முதியவர் இருக்கும் வீட்டில் படுக்கையறைக்கும் ஒன்று சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2018இல் மாட்டிய கருவிகளுக்கும் பத்து வருடம் நெருங்குகிறது, அவற்றை மாற்றச்சொல்லி இப்போதிருந்தே நினைவூட்ட வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கருவியை எங்கே மாட்டுவது, எப்படிச் சோதிப்பது, பேட்டரி தீரும்போது விட்டுவிட்டு வரும் அந்தக் 'கீச்' சத்தத்துக்கு என்ன பொருள் என்று படத்தோடு ஒரு அரைப்பக்கம் வெளியிடுங்கள். பெட்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அம்மா தொடவில்லை. உங்கள் நாளிதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அங் மோ கியோ