கட்சி சாராதவர்களின் வாக்குக்கும் பணம் ஒதுக்குங்கள்: வாஷிங்டன் டி.சி. கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கவுன்சில் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டேன். இந்த நகரத்தில் என்னைப் போலவே வாக்காளர் பதிவில் எந்தக் கட்சியின் பெயரையும் குறிக்காமல், அதாவது கட்சி எதிலும் பதியாமல் இருக்கும் தமிழர்கள் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

2024 நவம்பரில் மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்த 83-ஆம் எண் மக்கள் முன்மொழிவு என்ன ஆயிற்று என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாக்களித்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தார்கள். அதில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை. இன்னொன்று, கட்சி எதிலும் பதியாத வாக்காளர்கள் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியை (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜூனில் நடக்கும் முன்தேர்தல்) தேர்ந்தெடுத்து வாக்களிக்கும் உரிமை; இப்போது அந்தந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே அதில் வாக்களிக்கலாம். 2025 கோடையில் பட்ஜெட் போட்டபோது முதல் பகுதிக்குப் பணம் ஒதுக்கினீர்கள். இரண்டாவது பகுதிக்கு ஒதுக்கவில்லை. ஒரே கேள்விக்கு மக்கள் சொன்ன ஒரே பதிலில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

மக்கள் முன்மொழிவால் அரசுப் பணத்தை நேரடியாக ஒதுக்க முடியாது என்பது நம் நகரத்துச் சட்டம். அதனால்தான் இந்த முன்மொழிவிலும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கப்பட்ட பிறகே அமலுக்கு வரும் என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரி கணக்கு வழக்கு ஒழுங்குக்காக வைத்தது. பிடிக்காத தீர்ப்பைக் கிடப்பில் போடுவதற்காக யாரும் அதை எழுதவில்லை.

என் கோரிக்கை இதுதான்: வருகிற பட்ஜெட்டில் 83-ஆம் முன்மொழிவின் இரண்டாவது பகுதிக்குப் பணம் ஒதுக்குங்கள்.

போன சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு வேட்பாளருக்காக ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் வந்தார்கள். கையில் போன், அதில் வாக்காளர் பட்டியல். இடப்பக்க வீட்டில் கதவைத் தட்டிப் பத்து நிமிஷம் பேசினார்கள். அப்புறம் என் வீட்டுப் படி வரைக்கும் வந்து, போனைப் பார்த்து, ஒருவரிடம் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் வாசலில்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டுக் கேட்டேன். "மன்னிக்கணும் மேடம், உங்களுக்கு ஜூன் பிரைமரியில ஓட்டு இல்ல" என்றார் அந்தப் பெண். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிற சட்டத்தைத்தான் சொன்னார். இந்தக் கடிதத்தை அன்று இரவே எழுத ஆரம்பித்தேன்.

இந்த 2026 ஜூனில் எதைத் தீர்மானிக்கப் போகிறோம் என்று பாருங்கள். மேயர் பவுசர் மறுபடியும் நிற்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நகரத்துக்குப் புது மேயர் வரப்போகிறார். 1974-இல் நமக்கு மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை திரும்பக் கிடைத்ததிலிருந்து ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றவர்தான் மேயராகியிருக்கிறார். ஒரு தடவைகூட மாறியதில்லை. பதிவு செய்த வாக்காளர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அந்தக் கட்சியினர். நவம்பரில் நடப்பது பெரும்பாலும் சம்பிரதாயம். ஜூனில் உள்ளே விடாமல் நவம்பரில் வா என்பது, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி.

கட்சி எதிலும் பதியாதவர்கள் 70,000-க்கும் மேல் இருக்கிறோம். இந்த ஊரில் குடியரசுக் கட்சியில் பதிந்தவர்களைவிட நாங்கள் அதிகம். நாங்கள் எல்லோரும் அரசியலில் அக்கறை இல்லாதவர்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. என்னைப் பற்றிச் சொல்கிறேன். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குத் தணிக்கை செய்கிறேன். அரசு ஊழியர்கள் கட்சியில் பதிந்துகொள்ளலாம், அரசு ஊழியர்களின் அரசியல் ஈடுபாட்டைக் கட்டுப்படுத்தும் 1939-ஆம் ஆண்டு ஹாட்ச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் நான் பதியவில்லை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அவர்களுடைய செலவுக் கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டிய வேலை என்னுடையது. என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்சியின் பெயர் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ராணுவத்தில் இருப்பவர்கள், பத்திரிகையாளர்கள் என்று இதே காரணத்துக்காகப் பதியாமல் இருப்பவர்கள் இந்த நகரத்தில் வீதிக்கு வீதி உண்டு. இது அரசு நடக்கிற ஊர்.

2024 ஜூன் பிரைமரி அன்று நடந்ததையும் உங்களிடம் சொல்ல வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். கிரீன் கார்டு வைத்திருப்பவர், வேலைக்காக டி.சி.க்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நீங்கள் 2022-இல் கொண்டுவந்த சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களும் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று கேள்விப்பட்டு, "அக்கா, எனக்கும் வழி காட்டுங்க, கூட வாங்க" என்றார். சந்தோஷமாகப் போனேன். நல்ல சட்டம் அது. இங்கே வாடகை கொடுத்து, வரி கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவருக்கு ஊர் விஷயத்தில் குரல் வேண்டும். அதை நீங்கள் மதித்தீர்கள்.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம். தம்பி வீட்டு முகவரிக்கான ஆதாரத்தைக் காட்டினார், அங்கேயே விண்ணப்பம் நிரப்பினார், கட்சி என்ற இடத்தில் ஜனநாயகக் கட்சியைக் குறித்தார். கொஞ்ச நேரத்தில் வாக்குச்சீட்டு கைக்கு வந்துவிட்டது. தேர்தல் நாளன்றே புதிதாகப் பதிய வருபவர் கட்சியையும் அன்றைக்கே தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே பதிந்திருப்பவர்தான் 21 நாளுக்கு முன்பே கட்சியை மாற்றியிருக்க வேண்டும். நான் அமெரிக்கக் குடிமகள், தம்பி இந்த ஊருக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே வாக்காளர். சும்மா கேட்டுப் பார்க்கலாம் என்று மேஜையில் இருந்த அம்மாவிடம் என் அட்டையை நீட்டினேன். திரையில் பார்த்துவிட்டு, உங்களுக்கு இன்று எதுவும் இல்லையம்மா என்றார். தம்பி ஓட்டுப் போட்டு முடிக்கும் வரை சுவர் ஓரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வரும்போது அவருக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது. "என்னக்கா இது, நான் போட்டேன், நீங்க போடலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குக் கிடைத்ததைப் பிடுங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அப்படி யாராவது இந்தக் கடிதத்தைப் பயன்படுத்தினால் நான் எதிர்ப்பேன். நேற்று வந்தவருக்கும் குரல் உண்டு என்ற கொள்கையை ஏற்றுக்கொண்ட நீங்கள், இத்தனை காலமாக இங்கேயே இருப்பவர்களைச் சுவர் ஓரம் உட்காரவைப்பது ஏன் என்று மட்டும் கேட்கிறேன்.

"அப்படியானால் ஜனநாயகக் கட்சியில் பதிந்துகொள்ளுங்களேன், ஒரு படிவம்தானே" என்று உங்களில் சிலரும் கட்சிக்காரர்களும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நம்பிக்கை இல்லாமல் வாக்குக்காக மட்டும் பெயர் எழுதிவைக்கிறார்கள். இதில் கட்சிக்கு என்ன பெருமை? வாக்குரிமைக்கு விலையாக ஒரு கட்சியின் உறுப்பினர் என்று அரசாங்கப் பதிவேட்டில் பொய்யாக எழுதச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவும் அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலையில்.

கட்சிக்குத் தன் வேட்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்ற வாதம் இதைவிடக் கனமானது. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. கலிஃபோர்னியாவில் எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே சீட்டில் போட்டு, யார் வேண்டுமானாலும் யாரையும் தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்திருந்த முறையை 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கட்சியினர் தங்களுக்குள் கூடிச் செயல்படும் உரிமையை அது மீறுகிறது என்றார்கள். நம் முன்மொழிவு அவ்வளவு தூரம் போகவில்லை. குடியரசுக் கட்சியில் பதிந்தவர் ஜனநாயகக் கட்சிச் சீட்டைக் கேட்க முடியாது. எந்தக் கட்சியிலும் இல்லாதவர் ஒரே ஒரு கட்சியின் சீட்டை எடுக்கலாம், அவ்வளவுதான். எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டமாக வந்து பலவீனமான வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு இங்கே இடமே இல்லை. பொட்டோமாக் பாலத்தைத் தாண்டினால் ஆர்லிங்டன். வர்ஜீனியாவில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. பிரைமரியில் எந்த வாக்காளரும் எந்தக் கட்சிச் சீட்டையும் கேட்டு வாங்கலாம். அங்கே ஜனநாயகக் கட்சி அழிந்துபோகவில்லை.

அப்புறம், கட்சியின் சொந்த விஷயம் என்றால் கட்சியே செலவு செய்யட்டும். இந்தப் பிரைமரியை நடத்துவது நகரத் தேர்தல் வாரியம். சாவடி, இயந்திரம், பணியாளர் சம்பளம், தபால் சீட்டு எல்லாம் நம் வரிப்பணம். அதில் என் பணமும் இருக்கிறது.

கறுப்பின மக்கள் சிலர் சொல்லும் அச்சம் வேறு வகை. அதை மரியாதையோடு கேட்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் தங்கள் ஊரை ஆளத் தாங்களே ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இருந்த மக்கள், கறுப்பினப் பெரும்பான்மை நகரமாக இருந்தபோதும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழ் கிடந்த மக்கள், 1970-களில்தான் அந்த உரிமையைப் பெற்றார்கள். வீட்டு விலை ஏற ஏறப் பழைய குடும்பங்கள் வெளியேறுவதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் தங்கள் வாக்கின் பலத்தைக் குறைத்துவிடுவார்களோ என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்சி சாராதவர்கள் எட்டு வார்டுகளிலும் இருக்கிறார்கள், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் வார்டு 7-இலும் 8-இலும் இருக்கிறார்கள். புதிதாக வந்தவர் அன்றைக்கே கட்சியைக் குறித்துவிட்டு வாக்களித்துவிடுகிறார் என்பதை மேலே சொன்னேன். இந்தப் பூட்டு யாரைத் தடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அவர்களைத் தடுக்கவில்லை.

உங்களிடையே கட்சி சாராமல் நின்று வென்றவர்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். நகரம் முழுவதற்குமான இடங்களைப் பெரும்பான்மைக் கட்சியே மொத்தமாக நிரப்பக் கூடாது என்று 1973-ஆம் ஆண்டு தன்னாட்சிச் சட்டத்திலேயே விதி இருக்கிறது. கட்சி சாராதவர் சட்டம் இயற்றலாம், அவரைப் போன்ற வாக்காளர் ஜூன் பிரைமரியில் வாக்களிக்கக் கூடாது. இதை எனக்கு யாராவது விளக்குங்கள்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்கள் முன்மொழிவு என்ற ஏற்பாட்டின் மேலேயே நம்பிக்கை போய்க்கொண்டிருக்கிறது. 1994-இல் பதவிக்கால வரம்பு வேண்டும் என்று மக்கள் வாக்களித்தார்கள்; 2001-இல் கவுன்சில் அதை ரத்து செய்தது. 2018-இல் டிப்ஸ் வாங்கும் தொழிலாளர்களுக்கு முழு குறைந்தபட்சக் கூலி என்று வாக்களித்தார்கள். அதே ஆண்டு ரத்து. 2022-இல் மறுபடியும் அதே கோரிக்கை, இன்னும் பெரிய ஆதரவோடு. 2025-இல் அதையும் வெட்டிச் சுருக்கினீர்கள். இப்போது இது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் வைத்திருப்பீர்கள். மொத்தமாகப் பார்க்கும் எங்களுக்கு, எங்கள் தீர்ப்பு உங்களுக்குப் பிடித்தால்தான் செல்லும் என்று படுகிறது.

காங்கிரஸ் நம்மை நடத்தும் விதத்தைப் பற்றி நீங்கள் பேசும்போது நான் உங்களோடு நிற்கிறேன். சுமார் ஏழு லட்சம் பேர் வாழும் நகரம், வயோமிங் மாநிலத்தை விடப் பெரிய மக்கள்தொகை, ஆனால் வாக்களிக்கும் உரிமையுள்ள ஒரு செனட்டரோ காங்கிரஸ் உறுப்பினரோ நமக்கு இல்லை. நம் பட்ஜெட்டில், சட்டத்தில், அவர்கள் நினைத்தபோதெல்லாம் கை வைக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நம் தெருக்களில் தேசியக் காவல்படையை நிறுத்தினார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை. என் கார் நம்பர் பிளேட்டில் நீங்கள் அச்சடித்துக் கொடுத்த வாசகம், பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பை நிறுத்து என்பது. அதை நான் பெருமையோடுதான் ஓட்டிக்கொண்டு போகிறேன். அந்த வாசகத்தைச் சொல்லி காங்கிரஸிடம் நியாயம் கேட்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக இருக்கிறது. அதே வாசகத்தோடு உங்களிடம் வந்து நிற்கும் 70,000 பேருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்கள் பள்ளிகளுக்கும், பேருந்துக்கும், வேலை இழந்த மத்திய அரசு ஊழியர்களுக்கும் செய்தது எதையும் நான் மறக்கவில்லை. அதனால்தான் நீதிமன்றத்துக்குப் போகாமல் முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

இந்த ஜூனுக்கு நேரம் கடந்துவிட்டது என்பது தெரியும். ஆகவே வருகிற பட்ஜெட்டில், 2028 பிரைமரிக்குள் அமலாகும்படி, கட்சி சாராத வாக்காளர்களுக்கான பகுதிக்குப் பணம் ஒதுக்கும்படி உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒதுக்க முடியாது என்றால், ஒவ்வொரு உறுப்பினரும் கவுன்சிலில் வெளிப்படையாக வாக்களித்து, பெயர் பதிவாகும்படி மறுத்து, அதற்கான காரணத்தை உங்கள் வார்டு மக்களிடம் நேரில் வந்து சொல்லுங்கள். எங்கள் வார்டில் கூட்டம் வைத்தால் நான் வருகிறேன், என்னோடு இன்னும் பலரும் வருவார்கள்.

மரியாதையுடன்,
வார்டு 4-இல் வசிக்கும், கட்சி எதிலும் பதியாத ஒரு வாக்காளர்