ஸ்டோர் சாவியை முதலாமாண்டு கையில் கொடுங்கள்: கலை அறிவியல் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு,

வணக்கம். கல்லூரி திறந்ததும் முதலாமாண்டு மாணவர்களுக்குத் 'தலைமைப் பண்புப் பயிற்சி' நடத்துகிறோம். நானூறு பிள்ளைகளை அரங்கில் உட்காரவைப்போம். வெளியூர்ப் பேச்சாளருக்குச் சால்வை போடுவோம். அவர் இரண்டு குட்டிக்கதை சொல்லி, எல்லோரையும் எழுந்து நின்று கைதட்டச் சொல்வார். அப்புறம் குரூப் போட்டோ. அது கல்லூரிக்குத் தரமதிப்பீடு போடும் நாக் குழுவுக்குக் காட்டும் ஃபைலில் போய்ச் சேரும். இந்தக் கூட்டங்களில் வரவேற்புரை வாசித்தவன்தான் நானும்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-இல் புது மாணவர்களின் அறிமுகப் பயிற்சிக்கென்று 'தீக்ஷாரம்ப்' வழிகாட்டியைத் தந்தது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ பொறியியல் மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியே வகுத்திருக்கிறது. நம்மிடம் அது மூன்று நாளானால்கூடப் பரவாயில்லை. அந்த மூன்று நாளில் பிள்ளைகள் தாங்களே முடிவெடுக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் என் குறை.

நான் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தவன். ஒரு வருஷம் ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு ஐம்பது பேரோடு கிராமத்துப் பள்ளியொன்றில் தங்கினோம். அரிசி, மளிகை வைக்கும் ஸ்டோர் சாவி எப்போதும் இரண்டாமாண்டுக்காரர்களிடம்தான் இருக்கும். அந்த முறை சாவி வைத்திருந்த பையனுக்கு அம்மை போட்டுவிட, சாவியை ஒரு முதலாமாண்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

மூன்றாம் நாள் ராத்திரி வந்து, "சார், இப்படியே போனா ஆறாம் நாள் மத்தியானத்தோட அரிசி தீர்ந்துடும்" என்றாள். கையில் வேளைவாரியாகப் படியளவு எழுதிய நோட்டு. மறுநாளிலிருந்து முதல் தடவை ஒரு கரண்டிதான், இரண்டாம் தடவை கேட்டால் கேட்டவரை போடலாம் என்று மாற்றினாள். சீனியர்கள் முணுமுணுத்தார்கள். அவள் பதில் பேசவில்லை. சோறு மிதந்த எச்சில் வாளியைத் தூக்கிவந்து பந்தி நடுவில் வைத்தாள். ஏழாம் நாள் காலைப் பொங்கலுக்கும் அரிசி இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. கிளாஸ் ரெப்பைத் துறைத் தலைவர் கைகாட்ட வேண்டாம். முதலாமாண்டு வகுப்பிலேயே சீட்டு எழுதிப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். மாணவர் பிரதிநிதிகளைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கச் சொன்ன லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இலேயே ஏற்றுவிட்டது. அவ்வளவு தூரம் போகத் தயக்கமென்றால் வகுப்பறையிலாவது தொடங்குவோம். விடுதி மெஸ் கமிட்டியில் முதலாமாண்டுக்கு இரண்டு இடம் கொடுங்கள், பெயருக்கு அல்ல, காய்கறி பில்லைப் பார்க்கிற உரிமையோடு. துறை மன்றத் தொடக்க விழாவின் செலவுக் கணக்கை அவர்களே எழுதட்டும்.

தப்பு நடக்கும். என்னிடம் ஒரு குழு பேருந்தைத் தேதி மாற்றி புக் செய்து, அட்வான்ஸ் பணத்தைக் கோட்டைவிட்டது. திட்டினேன், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த பயணத்துக்கும் அதே பிள்ளைகளிடம்தான் பொறுப்பைக் கொடுத்தேன். முந்தின நாள் சாயங்காலமே டிரைவருக்கு மூன்று தடவை போன் போட்டுவிட்டார்கள்.

வரும் ஆண்டு பேச்சாளருக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை ஒரே ஒரு வகுப்பிடம் கொடுத்துப் பாருங்கள். ரசீது மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்