சேரும் நாளிலேயே ஒரு நோட்டு கொடுங்கள்

ஆசிரியருக்கு,

ஆங்கிலப் புத்தாண்டில் ஜிம்மில் சேர்பவர்களில் பலர் பங்குனி பிறப்பதற்குள் நின்றுவிடுகிறார்கள். சோம்பேறிகள் என்ற பழியும் அவர்கள் மேலேயே விழுகிறது. எடைப் பயிற்சி கற்றுத் தருபவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: கோளாறு பெரும்பாலும் முதல் வாரப் பயிற்சியில்தான் இருக்கிறது.

முதல் நாளே எட்டுப் பயிற்சி, தலா நாலு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) செய்ய வைக்கிறார்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் வலி உச்சத்துக்குப் போகும். கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்க முடியாது. அதன்பின் யாருக்கு வரத் தோன்றும்? முதல் இரண்டு வாரம் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்), தண்டால், ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுத்தல்), ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேல் தூக்குதல்) போதும். தலா இரண்டு செட். இன்னும் மூன்று முறை தூக்கலாம் என்று தோன்றும்போதே செட்டை நிறுத்திவிட வேண்டும். (கடும் வலியோடு சிறுநீரும் கருஞ்சிவப்பாகப் போனால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.)

அடுத்த கோளாறு, கண்ணாடியில் பலனைத் தேடுவது. தொடக்க வாரங்களில் கூடும் பலம், நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் வருவது. சட்டைக் கை இறுக இரண்டு மூன்று மாதமாவது ஆகும். அதுவரை கண்ணாடியும் எடை மெஷினும் எதையும் காட்டாது, பயிற்சியைக் குறித்து வைக்கும் நோட்டு காட்டும். மூன்று செட்டுக்கு மாறியபின், ஒவ்வொரு செட்டிலும் எத்தனை முறை என்று அதில் இப்படி இருக்கும்: "திங்கள், ஸ்குவாட், 30 கிலோ: 10, 9, 8." அடுத்த திங்கள் "10, 10, 8." அந்த ஒன்று கூடியதைப் பார்த்தவர் வியாழக்கிழமையும் வருவார். மூன்று செட்டிலும் 12 வந்ததும் 2.5 கிலோ ஏற்றி, மறுபடி 8-இல் தொடங்கலாம்.

ஆனால் பல ஜிம்களில் பாரின் (எடை மாட்டும் இரும்புத் தண்டின்) முனைகளில் மாட்டும் எடை வட்டுகளில், இருப்பதிலேயே சிறிய பிளேட் 2.5 கிலோதான். இரு பக்கமும் மாட்டினால் 5 கிலோ ஏறிவிடும். ஸ்குவாட்டுக்குச் சமாளிக்கலாம். 20 கிலோ வெறும் பாரில் ஷோல்டர் பிரஸ் செய்யும் பெண்ணுக்கு அது கால்வாசிப் பாரம் ஒரேயடியாகக் கூடுவது. தூக்க முடியாமல் முதுகை வளைப்பார், இடுப்பு வலிக்கும், வாரக்கணக்கில் அதே எடையில் நின்று மனம் விட்டுப்போகும். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி இருந்தால் இது நடக்காது.

உலக சுகாதார நிறுவனம் தசைப் பயிற்சிக்குச் சொல்வது வாரம் குறைந்தது இரண்டு நாள். புதியவருக்கு ஆறு நாள் அட்டவணை போட்டுக் கொடுத்தால், ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் வந்ததுமே "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடுவார். உண்மையில் இரண்டு வாரம் விட்டாலும் பலம் பெரிதாகக் குறையாது. எடையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கினால் போதும். மனம் வராத நாளில் ஒரே ஒரு செட் செய்துவிட்டு, அதையும் நோட்டில் எழுதட்டும்.

உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் உடற்பயிற்சிக் கூடங்களாவது, சேரும் நாளிலேயே ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டும், கூடத்துக்கு இரண்டு ஜோடி 1.25 கிலோ பிளேட்டும் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எடைப் பயிற்சியாளர்கள்,
மதுரை