அமைவுக் கோப்புகளுக்கு மீத்தரவும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டற்ற மென்பொருட்களைப் பற்றித் தங்கள் இதழில் எழுதுவோர், மென்பொருள் இயங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் அமைவு மதிப்புகள் எவ்வாறு பராமரிக்கப்படுகின்றன என்பதை அரிதாகவே தொடுகிறார்கள். சர்வர்களைக் கவனிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், ஒரு சேவையைத் தொடர்புகொள்ள உதவும் போர்ட் எண்ணுக்கு உரிய இடத்தில் யாரோ எழுத்துகளைத் தட்டிவிட்டதால் சேவையே நின்றுபோனதைக் கண்டிருக்கிறேன்.

அமைவு மதிப்புகளைச் சேமித்து நிர்வகிக்கும் எலெக்ட்ரா என்னும் கட்டற்ற கருவியில் இதற்கு ஒரு வழி உண்டு. அதன் 'கேடிபி மெட்டா-செட்' கட்டளைக்கு அமைவுச் சாவியின் (ஓர் அமைவு மதிப்பைத் தாங்கும் பதிவின்) பெயர், மீத்தரவின் (அச்சாவியைப் பற்றிய கூடுதல் குறிப்பின்) பெயர், அந்த மீத்தரவின் மதிப்பு ஆகிய மூன்றையும் வரிசையாகக் கொடுத்தால், சாவியில் உள்ள மதிப்பு மாறாமல், அதைப் பற்றிய குறிப்பு மட்டும் உடன் சேமிக்கப்படுகிறது. போர்ட் சாவிக்கு 'செக்/டைப்' என்ற மீத்தரவில் 'அன்சைன்ட்_ஷார்ட்' என்று குறித்துவிட்டால், 0 முதல் 65535 வரையிலான முழு எண் அல்லாத எதையும் கருவியே மறுத்துவிடும். ஆனால், மதிப்பின் வகையைச் சோதிக்கும் செருகுநிரலையும் (கருவியுடன் சேர்க்கும் துணை நிரலையும்) அந்தச் சாவி உள்ள இடத்தில் இணைத்திருக்க வேண்டும், இல்லையேல் அது வெறும் குறிப்பாகவே கிடக்கும். புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். எல்லாக் கோப்பு வடிவங்களும் மீத்தரவைத் தாங்குவதில்லை என்பதையும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

'டிஸ்கிரிப்ஷன்' மீத்தரவில் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். இத்தகைய நடைமுறைச் செய்திகளுக்கும் தங்கள் கணினிப் பகுதியில் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கணினி நிர்வாகி ஒருவர்