கோஹிமா சாலை படிந்துவிட்டது

அன்புள்ள முரளி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அக்காவின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை உன் தம்பி சொன்னான். அன்றே எழுதியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை.

எழுத வைத்தது சாலைதான். பொங்கல் விடுமுறையில் மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து இரண்டாம் உலகப் போரின் கோஹிமாச் சண்டையை ஆடினோமே, அப்போது மேடு ஏறும் இடத்தில் என் அட்டைச் சாலை அந்தரத்தில் நின்றது. "அடியில் ஜப்பான்காரன் படுத்துத் தூங்கலாம்" என்றாய். நெடுஞ்சாலைப் பொறியாளன் வாயிலிருந்து வந்த சொல், சுருக்கென்று தைத்தது. இப்போது வந்து பார். தெர்மகோல் மேட்டின் ஒவ்வொரு வளைவிலும் ஈரத்துணி போலப் படிந்து கிடக்கிறது என் சாலை.

துணியேதான் அது. கேன்வாஸ் துணியின் மேல், சுவர் விரிசல் அடைக்கும் அக்ரிலிக் பசையைப் பழுப்பு வண்ணமும் சலித்த மணலும் சேர்த்துக் குழைத்து, இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தடவினேன். அக்ரிலிக் என்பதை அடிக்கோடிட்டுப் படி. முதல் முறை கடையில் எடுத்துக் கொடுத்தது சிலிக்கான். காய்ந்த பிறகு அடித்த வண்ணம் அத்தனையும் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்துவிட்டது. ஒரு வார உழைப்பு! அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் முறை துணியின் நான்கு ஓரத்தையும் பலகையில் டேப் போட்டு ஒட்டினேன். இல்லாவிட்டால் பசை காயும்போது துணி சுருண்டுகொள்ளும். பசை ஈரமாக இருக்கும்போதே உடைந்த பொம்மை லாரியின் சக்கரத்தை உருட்டித் தடம் பதித்தேன். இரண்டு நாள் காயவிட்டு, கத்தரியால் ஓரம் வெட்டி, கரும்பழுப்பை நீர்க்கக் கரைத்துப் பூசி, மேடான இடங்களில் மட்டும் உலர்ந்த தூரிகையால் வெளிர் மண் நிறத்தைத் தேய்த்தேன். சக்கரத் தடத்தில் பளபளக்கும் வார்னிஷ் விட்டதும் மழைச் சேறு வந்துவிட்டது, முரளி! தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா விரலைத் துடைத்துக்கொண்டாள்.

அகலம் எட்டு சென்டிமீட்டர். உன் படையின் லீ ரக டாங்கிக்கு நிஜ அகலம் 2.72 மீட்டர், நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக இருக்கும் நம் பொம்மை அளவில் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்று பழுதாகி நின்றால் மற்றொன்று உரசிக்கொண்டு கடக்கலாம், அவ்வளவுதான் இடம். உனக்கு அந்த நெருக்கடி தேவை. போன ஆட்டத்தில் டாங்கிகளை மைதானத்தில் ஓட்டுவது போல ஓட்டினாய்.

தடவிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. அந்தப் போரே சாலைக்காக நடந்தது. திமாப்பூரிலிருந்து இம்பாலுக்குப் போகும் ஒரே சாலையை 1944 ஏப்ரலில் ஜப்பானின் 31ஆவது டிவிஷன் கோஹிமாவில் மறித்தது. அதன்பின் இம்பாலில் இருந்த பிரிட்டிஷ்-இந்தியப் படைக்கு அரிசியும் குண்டும் விமானத்தில்தான் போயின. ஜூன் 22ஆம் தேதி 109ஆம் மைல்கல் அருகே, வடக்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் படையும் தெற்கே இம்பாலிலிருந்து வந்த படையும் சந்தித்த பிறகே சாலை திறந்தது. கோஹிமாவில் இரு படைகளும் எதிரெதிரே நின்று போரிட்ட டென்னிஸ் மைதானத்தின் இரு பக்கமும் மடிந்தவர்களில் பலருக்கு நம் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். நாமோ வீரர்களின் சட்டைப் பொத்தான் வரைக்கும் வண்ணம் தீட்டிவிட்டு, சாலைக்கு மிச்ச அட்டையை வெட்டிப் போட்டோம். அது எனக்கு இப்போது மரியாதைக் குறைவாகப் படுகிறது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை: கொண்டை ஊசி வளைவு. நேர்த்துண்டை வளைத்தால் உள்ளோரம் புடைத்துக்கொள்கிறது. அதனால் சாப்பாட்டுத் தட்டை வைத்து வில்லாக வரைந்து வெட்டுகிறேன். வளைவில் சாலையை எவ்வளவு அகலப்படுத்த வேண்டும், மலைப் பக்கம் எவ்வளவு சாய்க்க வேண்டும், வாய்க்கால் எங்கே வரும்? இதெல்லாம் உன் அன்றாட வேலை. ஒரு தாளில் வரைந்து அனுப்பு. காரணம் சொல்லித் தட்டிக் கழிக்காதே.

மொத்தம் மூன்று மீட்டர் முடிந்திருக்கிறது. வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, குழாயில் போட்டு வைத்திருக்கிறேன். ஜூன் 22 நெருங்கும் வாரக் கடைசியில் வா. வடக்குப் படை உனக்கு. இங்கே கரும்பழுப்பு தீர்ந்துவிட்டது. அங்கே கிடைத்தால் இரண்டு குப்பி வாங்கி வா.

அன்புடன்,
கண்ணன்