மாதவிடாய் வருவதற்கு முன்: அக்காள் மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளே,

உன் வகுப்புத் தோழிகள் சிலர் வயதுக்கு வந்துவிட்டார்கள் என்றும், அவர்களைப் பற்றி மற்றவர்கள் கிசுகிசுக்கும் கதைகளைக் கேட்டு நீ பயந்துபோயிருக்கிறாய் என்றும் உன் அம்மா சொன்னாள். வரப்போவது இன்னதென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மாதவிடாய் பெரும்பாலும் 10 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் தொடங்கும். மார்பு அரும்பிச் சுமார் இரண்டு ஆண்டுகளில் அது வரும். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே உள்ளாடையில் வெள்ளையாகக் கசிவு படியும். முதல் முறை சிவப்பு இரத்தமாகத்தான் இருக்கும் என்று எண்ணாதே. பழுப்பு நிறத்தில் ஒரு சிறு கறையாகவும் வரலாம். அதை ஏதோ நோய் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் உள்ளாடையை ஒளித்துவைக்கும் பிள்ளைகள் உண்டு. கருவைத் தாங்குவதற்காகக் கருப்பையின் உட்புறத்தில் தடித்து வளரும் மெல்லிய படலம், கரு உண்டாகாதபோது உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. அவ்வளவுதான். இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை நீடிக்கும். பார்க்க நிறையத் தோன்றினாலும், வழக்கமாக வெளியேறும் இரத்தம் மொத்தமும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவே இருக்கும்.

28 நாட்களுக்கு ஒருமுறை என்று பாடத்தில் படித்துவிட்டு, அப்படி வராதபோது கலங்கிப்போகும் பெண்களை நான் ஆசிரியையாக நிறையப் பார்க்கிறேன். மூளையும், கருமுட்டையை உருவாக்கும் சூலகமும் ஒரு ஒழுங்குக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும் என்பதால், தொடக்கத்தில் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். ஒவ்வொரு முறையும் முதல் நாளை நாட்காட்டியில் குறித்து வை. மூன்று மாதங்களுக்கு வராமலே இருந்தாலோ, ஏழு நாட்களைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்துகொண்டே இருந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருப்பை சுருங்குவதால் அடிவயிறு வலிக்கும்; வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். ஆனால் பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு வலித்தால், பெண் என்றால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. அதற்கும் மருத்துவம் உண்டு.

பள்ளிப் பையின் பக்கவாட்டு அறையில் ஒரு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, கொஞ்சம் பழைய செய்தித்தாள் எப்போதும் இருக்கட்டும். நாப்கினின் ஒட்டும் பக்கத்தை உள்ளாடையில் பதித்து, இரண்டு இறக்கைகளையும் அடிப்பக்கமாக மடித்து ஒட்ட வேண்டும். அதிகம் நனையாவிட்டாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிடு. பயன்படுத்தியதைத் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடு. கழிப்பறைக் கோப்பைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும். உடையில் கறை பட்டால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசு, வெந்நீரில் போட்டால் கறை ஊறிப் பிடித்துவிடும். கைவசம் நாப்கின் இல்லாதபோது ஆசிரியையிடம் கேட்கத் தயங்காதே. அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் நாப்கின்களை இலவசமாகவே தருகிறார்கள். வீட்டில் அம்மா இல்லையென்றால் அப்பாவிடம் சொல். அவரும் கடைக்குப் போய் வாங்கி வருவார்.

பாட்டி கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டித் தருவார், நன்றாகச் சாப்பிடு. முட்டையைப் பச்சையாகக் குடிக்கச் சொன்னால், அதை மட்டும் வேகவைத்துத் தரச் சொல். தனித் தட்டு, தனிப் பாய், சமையலறைக்குள் வராதே என்ற பேச்செல்லாம் எழும். அந்த இரத்தத்தில் அசுத்தம் எதுவும் இல்லை; நீ குளிக்கலாம், விளையாடலாம், தேர்வு எழுதலாம், எந்த அறைக்குள்ளும் போகலாம். மண்டபம் பிடித்து, உன் படம் போட்ட பேனர் வைத்து, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு விழா நடத்த வேண்டும் என்று உன் தாய்மாமா இப்போதே பேசத் தொடங்கிவிட்டார். சீர் செய்ய வேண்டும் என்ற அவருடைய ஆசையில் அன்பு இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். என்றாலும் அது உன் உடம்பைப் பற்றிய செய்தி, அதை யாருக்குச் சொல்வது என்பது உன் விருப்பம். அம்மாவிடமும் மாமாவிடமும் நான் பேசிவிட்டேன்: நீ வேண்டாம் என்றால் விழா கிடையாது.

அன்புடன்,
சித்தி